காய்ச்சல் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால்தான் கவலை

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வசிக்கிறோம். ஐந்து நாள் முன்பு காட்டுப் பாதையில் நடந்து வந்த மகனின் (வயது 8) முழங்கால் மடிப்பில் உண்ணி கடித்திருந்தது. எண்ணெய் தடவி எடுத்தோம். மறுநாள் சின்னதாகச் சிவந்தது. உண்ணியால் மூளைக் காய்ச்சல் வந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை என்று இணையத்தில் படித்தேன். பயந்துபோய் ஊரிலிருந்து கொண்டுவந்த அசித்ரோமைசினைக் கொடுத்து வருகிறேன். மாமனாரும் (68) தினமும் அதே காட்டில்தான் நடக்கிறார்.

பதில்: அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் பயப்படும் மூளைக் காய்ச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் இதைத் தொடாது. மறுநாளே வந்த சின்னச் சிவப்பு வெறும் கடித்த தடம். அது நாளாக ஆக வட்டமாக விரிந்துகொண்டே போனால் லைம் நோய், அதாவது உண்ணி பரப்பும் இன்னொரு நோய்; இது பாக்டீரியாவால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு. எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

நீங்கள் படித்த கணக்கு ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் பரவும் வகையைப் பற்றியது. நீங்கள் இருக்கும் இடத்தில் பரவுவது ஐரோப்பிய வகை. அதில் நோய்வாய்ப்பட்டவர்களிலேயே இறப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். கிருமி உடலில் நுழைந்தாலும் பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். தவிர, அங்குள்ள உண்ணிகளில் மிகச் சிலவற்றில்தான் இந்த வைரஸே இருக்கிறது.

மூளைக் காய்ச்சலுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நோய் வருவதானால், பெரும்பாலும் கடித்த ஒன்றிரண்டு வாரத்தில் சாதாரண ஃப்ளூ மாதிரி காய்ச்சலும் உடம்புவலியும் வரும். சில நாளில் விட்டுவிடும். பையன் எழுந்து விளையாடுவான், நீங்களும் மறந்துவிடுவீர்கள். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்து, கூடவே கடும் தலைவலி, வாந்தி, கழுத்தைக் குனிய முடியாத விறைப்பு, கை நடுக்கம், பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம் என்று எது இருந்தாலும் இணையத்தைத் திறக்காமல் 112-ஐ அழையுங்கள். உண்ணி கடித்த தேதியை மறக்காமல் சொல்லுங்கள். நான்கு வாரம் காய்ச்சலே இல்லாமல் கடந்தால் மூளைக் காய்ச்சல் பயத்தை மறந்துவிடலாம். அதற்குள் ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம்.

உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மாமனார்தான். குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் மூளையின் உறையோடு நின்றுவிடும். அறுபது தாண்டியவர்களுக்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இறங்கும் வாய்ப்பு அதிகம். தோள், கை விழுந்துவிட்டால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். தடுப்பூசி இருக்கிறது, முதல் சுற்றில் மூன்று. அவசரமென்றால் இரண்டாவதை இரண்டு வாரத்திலேயே போடலாம். அவருக்கு இந்த வாரமே ஆரம்பியுங்கள். பையனுக்கு இப்போது போடுவது இந்தக் கடிக்கு உதவாது. அந்த நான்கு வாரம் கழியட்டும்.

தடுப்பூசி பலன் தரும்வரை மாமனார் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு நடக்கட்டும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். உங்கள் கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி இருந்தால் எண்ணெயும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மெல்ல இழுத்தால் வந்துவிடும்.