மாமியாருடைய மாத்திரை மகளுக்கு ஏன் ஆகாது?

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். எட்டாவது படிக்கும் என் மகள் இரண்டே மாதத்தில் 6 கிலோ இளைத்துவிட்டாள். ராத்திரியில் நாலைந்து முறை ஒன்றுக்குப் போவாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். வாந்தியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை 438. டைப் 1 சர்க்கரை நோய் என்று சொல்லி இன்சுலின் ஊசி போடுகிறார்கள். இப்போது மூன்றாவது மாதம். சர்க்கரை தானாகவே இறங்குகிறது, ஊசி அளவையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு மண்டலம் கஷாயம் குடித்தால் ஊசியே வேண்டாம் என்கிறார் உறவினர் ஒருவர். என் மாமியாரும் சுகர்காரர்தான், மாத்திரையிலேயே நன்றாக இருக்கிறார். அதையே மகளுக்கும் தரக்கூடாதா? மூன்று வேளையும் களி கொடுத்தால் சரியாகுமா?

பதில்: ஊசியை நிறுத்தாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

சர்க்கரை இறங்குவதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படுவது புரிகிறது. ஆனால் எனக்குப் பயமே இந்த மூன்றாவது மாதத்தில்தான். டைப் 1-இல், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அந்நியன் என்று நினைத்து அழித்துவிடுகிறது. வெளியிலிருந்து இன்சுலின் கிடைத்ததும், மிச்சமிருக்கும் கொஞ்சம் செல்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்யும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்போம். சில வாரம் இருக்கும், சில மாதம் இருக்கும், பிறகு அந்தச் செல்களும் போய்விடும். இந்த நேரத்தில் கஷாயம் ஆரம்பித்தால் பெயர் கஷாயத்துக்குப் போய்விடும். உங்கள் உறவினர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பார்த்ததும் இப்படி ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும்.

மாமியார் விஷயம் வேறு. தோட்டத்தை வைத்தே சொல்கிறேனே. கணையம்தான் மோட்டார், இன்சுலின்தான் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு போர் மோட்டார் ஓடுகிறது, வாய்க்காலில் புல் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் பயிருக்குப் போய்ச் சேரவில்லை. அது டைப் 2. மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரை வாய்க்காலைச் சுத்தம் செய்யும். நாளாக ஆக மோட்டாரும் தளரும், அப்போது அவருக்கும் ஊசி தேவைப்படலாம். உங்கள் மகளுக்கு மோட்டாரே எரிந்துவிட்டது. வாய்க்காலை எவ்வளவு சுத்தம் செய்து என்ன பயன்? 1922-இல் முதன்முதலாக ஒரு 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போடப்படும் வரை, டைப் 1 வந்த பிள்ளைகள் அதிக நாள் பிழைத்ததில்லை.

இன்னும் சில வகைகள் உண்டு. கர்ப்பத்தில் மட்டும் தலைகாட்டுவது ஒன்று. பிரசவத்தோடு மறைந்தாலும், பிற்காலத்தில் டைப் 2 ஆக வரப் பார்க்கும். கணையத்தில் கல் விழுந்து வருவது, பரம்பரையாக ஒற்றை மரபணுக் கோளாறால் வருவது என்றும் இருக்கின்றன. மகளுக்கு எந்த வகை என்பதில் சந்தேகம் இருந்தால் ஜிஏடி ஆன்டிபாடி, சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இனிப்பு தின்றதால்தான் வந்தது என்று யாராவது உங்களைக் குத்திக்காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டைப் 1 அப்படி வருவதில்லை.

களிக்கு வருவோம். நானும் களி தின்று வளர்ந்தவன்தான், அதைக் குறை சொல்ல மனம் வராது. நார்ச்சத்தும் கால்சியமும் உண்டு. ஆனால் கேழ்வரகு மாவில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்துதான். இரண்டு உருண்டை களி, இரண்டு தட்டுச் சோற்றைப் போலவே சர்க்கரையை ஏற்றும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகம். ஒரு உருண்டை, கூடவே கீரையோ கொள்ளுக் குழம்போ தாராளமாக இருக்கட்டும். சாப்பாட்டின் அளவுக்குத் தகுந்த ஊசி என்பதுதான் கணக்கு. மாம்பழ சீசனில் நம் ஊரில் ஒரு பிள்ளையை மாம்பழமே தொடாதே என்று சொல்ல முடியுமா? இரண்டு கீற்று தரலாம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், வாந்தி வந்த நாளில் பிள்ளைதான் சாப்பிடவில்லையே என்று ஊசியை அடியோடு விட்டுவிடுவார்கள். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். அன்றைக்குத்தான் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும், மருத்துவருக்குப் போன் செய்து அளவு கேட்க வேண்டும். வயிற்றுவலி, வேகமான மூச்சு, வாயில் பழ வாசனை வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பிரிக்காத இன்சுலின் மருந்தை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஈர மணலில் புதைத்த சின்ன மண்பானை போதும், மருந்தில் மட்டும் ஈரம் படாமல் டப்பாவில் போட்டு வையுங்கள்.

மாமியாருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறதா? வீடு தேடி வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அடுத்த முறை அந்த ஊழியர்கள் வரும்போது நீங்களும் வீட்டுக்காரரும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 100-க்கு மேலே என்றாலே எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள்.

பெண் பிள்ளை, வெளியில் தெரிய வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் மறைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. வகுப்பு டீச்சருக்காவது சொல்லிவிடுங்கள். விளையாட்டுப் பீரியடில் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் அது தாழ்சர்க்கரை. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சர்க்கரைப் பொட்டலத்தோடு அவள் பையின் முன் ஜிப்பில் வைத்துவிடுங்கள்.