செகண்ட் ஹேண்ட் டர்போ வண்டி வாங்கியாச்சா? கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டைல 19 வருசமா மெக்கானிக் வேலை. கடைசி 10 வருசம் கையில வாரது பூராவும் பெட்ரோல் டர்போ வண்டிங்கதான் (டர்போன்னா காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுத சக்கரம்), போலோ ஜிடி, ஆக்டேவியா, அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன் இந்த வகையறா. இன்னைக்கு ஞாயிறு, கடை லீவு, சாயங்காலம் வரைக்கும் இருப்பேன், கேளுங்க. டீசலும் பைக்கும் என் ஏரியா கிடையாது.

பாளை தம்பி: அண்ணாச்சி, 2017 போலோ ஜிடி டிஎஸ்ஐ கோயம்புத்தூர்ல இருந்து எடுத்துட்டு வந்திருக்கேன். 62,000 ஓடிருக்கு. சர்வீஸ் பில் எல்லாம் இருக்கு. மொதல்ல என்ன பண்ண?

மொதல்ல அந்த பில்லு கட்ட எடுத்து பீரோவுல வைங்க தம்பி. பில்லு போட்டவன் நல்லவனாவே இருக்கட்டும், வேலைய செஞ்சானாங்கிறது பில்லுல தெரியாது. வண்டி உங்க கைக்கு வந்த நாள்ல இருந்து கணக்கு சீரோவுல ஆரம்பிக்கணும்.

மொத நாள் ஸ்கேனர் போட்டு வண்டியோட எல்லா கம்ப்யூட்டர் மாட்யூலையும் பாருங்க, என்ன பிழை நம்பர் வந்தாலும் அழிக்கதுக்கு முந்தி போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க, அழிச்ச பொறவு திரும்ப எது வருதோ அதுதான் உங்க உண்மையான பிரச்சினை. பொறவு ஆயில், ஆயில் ஃபில்டர். ஆயில் கடைக்காரர் குடுக்குதத வாங்காதீங்க, டின்னுல ஃபோக்ஸ்வேகன் தர நம்பர் 502 00ன்னு இருக்கணும், கெட்டி 5டபிள்யூ-40. கம்பெனி 15,000 கிலோமீட்டர்ம்பாங்க, நம்ம ஊரு வெயிலுக்கும் ஜங்ஷன் டிராபிக்குக்கும் நான் 7,500லயே மாத்திருவேன். 62,000ங்கிறதால ஸ்பார்க் பிளக் நாலும் மாத்திருங்க. ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் சின்ன காசுதான். காலைல மொத ஸ்டார்ட்ல ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னு சத்தம் கேட்டா போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு கொண்டாங்க, எங்க இருந்து வருதுன்னு பாக்கணும்.

கூலன்ட் கலர பாருங்க. முந்தின ஓனர் போர் தண்ணி ஊத்தி ஓட்டிருந்தாருன்னா மூடிக்கு அடியில வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும். தாமிரபரணி தண்ணி குடிக்கதுக்கு அமிர்தம், ரேடியேட்டருக்கு அதுவும் ஆகாது. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான்.

கியர்பாக்ஸ் உங்களுக்கு ஏழு கியர் டிஎஸ்ஜி, தானா கியர் மாத்துத வகை, அதுல இருக்கது ரெண்டு உலர் கிளட்ச், ஆயில்ல முங்கி இருக்காது, சூடாச்சுன்னா ஆறுததுக்கு நேரம் எடுக்கும். வண்ணார்பேட்டை பாலத்துக்கிட்ட முன்னாடி பஸ் நகந்து நகந்து போகும்லா, அதோட நீங்களும் பிரேக்க பாதி விட்டு ஊராதீங்க. நல்லா இடம் விழுந்த பொறவு ஒரே நகத்தலா நகத்துங்க. மேட்டுல ஆக்சிலேட்டர வச்சு வண்டிய நிறுத்தவே கூடாது, பிரேக்குதான்.

கடைசியா சொல்லுதேன்னு இத சாதாரணமா எடுத்துராதீங்க: பிரேக் ஃப்ளூயிட், பெடல்ல நீங்க குடுக்குத அழுத்தத்த சக்கரத்துக்குக் கொண்டு போற திரவம். என் சொந்த வண்டில நடந்தது. வாங்கி மூணாவது வாரம், குடும்பத்தோட தென்மலை போயிட்டு ஆரியங்காவு தாண்டி கீழ இறங்குதோம். புளியரை எஸ் வளைவுக்கிட்ட பெடல் பஞ்சு மாதிரி உள்ள போவுது, கால வச்சா தரைய தொடுது. ரெண்டாவது கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, ஓரத்துல நிறுத்தினேன். பின்னாடி என் ரெண்டு பிள்ளைங்களும் தூங்கிட்டு இருந்துது. ஃப்ளூயிட் மாத்தினதா பில்லு இருந்துச்சு, ஒரு ஒர்க்‌ஷாப் சீல் வச்சது. மறுநாள் திறந்து பாட்டில்ல பிடிச்சா கட்டங்காப்பி கலர்ல வருது. புது டாட் 4 ஃப்ளூயிட் கொதிக்க 230 டிகிரிக்கு மேல ஆகணும், அது காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 155 டிகிரி வரைக்கும் இறங்கிரலாம். மலையில இறங்கும்போது அந்தச் சூடு வந்துரும், கொதிச்சா ஆவி, ஆவிய அமுக்கினா பிரேக் பிடிக்காது. ரெண்டு வருசத்துக்கு ஒருதடவ மாத்தணும். செலவு ஒரு குடும்பம் ஓட்டல்ல சாப்பிடுத காசு.

வள்ளியூர்காரர்: தூத்துக்குடில ஒரு ஆக்டேவியா 2018 மாடல், மார்க்கெட் விலைய விட ஒன்றரை லட்சம் கம்மியா சொல்லுதாங்க. பாத்தா பளபளன்னு இருக்கு. எடுக்கலாமா?

விலை கம்மின்னதும் எனக்கு வயித்தக் கலக்குது. 2023 டிசம்பர் 17, 18 மறந்துராதீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, ஸ்ரீவைகுண்டம், ஏரல், தூத்துக்குடி டவுன், நம்ம ஜங்ஷன் எல்லாம் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. முங்கின வண்டி எத்தனையோ கழுவித் துடைச்சு மாவட்டம் விட்டு மாவட்டம் மாறிருக்கு. இது எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.

பகல்ல போங்க. நாலு சீட் பெல்டையும் கடைசி வரைக்கும் இழுங்க, கடைசி ஒரு சாண் யாரும் கழுவ மாட்டாங்க, அங்க சேறு கோடு இருந்தா அப்படியே திரும்பி வந்துருங்க. சீட்ட முன்னாடி தள்ளி அடியில தண்டவாளத்துல துரு இருக்கா, அங்கன மஞ்சள் கலர் கனெக்டர் ஒண்ணு இருக்கும், ஏர்பேக்குக்குப் போறது, அதுல பச்சை பூத்திருக்கா பாருங்க. டிக்கில ஸ்டெப்னிய தூக்கிப் பாருங்க. மேட்டத் தூக்கி கார்பெட்டுக்கு அடியில இருக்க பஞ்ச அமுக்கி மோந்து பாருங்க. ஏசிய போட்டதும் வாசனை திரவியம் கமகமன்னு அடிச்சா சந்தேகப்படுங்க. இன்சூரன்ஸ் பாலிசில நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் வாங்காதவங்களுக்குக் குடுக்குத தள்ளுபடி, அந்த வருசம் அறுந்திருக்கான்னும் கேளுங்க. தூத்துக்குடி வண்டில இது போக உப்புக்காத்து துரு வேற உண்டு, லிஃப்ட்ல ஏத்தி அடிய பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

சங்கரன்கோவில் நண்பர்: போலோ 1.0 டிஎஸ்ஐ, ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ணலாமா அண்ணாச்சி?

பண்ணலாம், ஆனா இப்ப இல்ல. ரீமேப்னா இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்க புரோகிராம மாத்தி பவர ஏத்துதது, ஸ்டேஜ் 1னா சாமான் எதையும் மாத்தாம அது மட்டும். கம்பெனி குடுக்குதது 110 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க், அதாவது இழுவை. ரீமேப் போட்டா டார்க்குதான் சடார்னு ஏறும், அந்த பாரத்த தாங்குதது பிளக், காயில், கிளட்ச், டயர், பிரேக். இது அஞ்சும் புதுசா இருக்கான்னு தெரியாம பவர ஏத்துததுல அர்த்தமே இல்ல. பழைய ஜிடி டிஎஸ்ஐ வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு, அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் 250 என்எம் வரைக்கும்னு டிசைன் பண்ணினது, ரீமேப் அத கிட்டத்தட்ட தொட்டுரும். ஆறு மாசம் வண்டிய ஓட்டிப் பழகுங்க, பொறவு பேசுவோம். இன்சூரன்ஸ்காரங்கிட்ட சொல்லாம பண்ணினா கிளைம்ல தகராறு வரும், அதையும் மனசுல வைங்க.

தென்காசி தங்கச்சி: ஐ20 என் லைன் வச்சிருக்கேன், ஆலங்குளம் வழியா தினமும் திருநெல்வேலி வாரேன். பாக்க நல்லா இருக்கும்னு 17 இஞ்ச் அலாய் போடச் சொல்லுதாங்க.

சொல்லுதவங்க டயர் கடைக்காரங்களா இருக்கும் தங்கச்சி. உங்க 195/55 ஆர்16 நல்ல சைஸ். அந்தக் காச வச்சு அதே சைஸ்ல நல்ல டயர் நாலு போடுங்க. ஆரம்பத்துல பண்ணுத அப்கிரேடுல டயருக்கு மேல ஒண்ணும் கிடையாது, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஆக்சிலேட்டரும் ரோட்ட தொடுதது ஒரு உள்ளங்கை அகலத்துலதான். இப்ப இருக்க டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது. அஞ்சு வருசம் தாண்டினா பட்டன் இருந்தாலும் ரப்பர் வெறச்சுப் போயிருக்கும், சீசன் சாரல்ல வழுக்கும்.

மேலப்பாளையம் நண்பர்: நீங்க சொன்ன வேலை எல்லாம் பண்ணியாச்சு. கோன் ஃபில்டரும் போட்டேன், வண்டி பறக்குது. அத ஏன் நீங்க சொல்லவே இல்ல?

சொல்லாததுக்கு காரணம் இருக்கு. சத்தம் பறக்குது, வண்டி இல்ல. கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பா முன்னாடி கிரில்லுல இருந்து குளுந்த காத்த இழுக்குது, கோன், அதான் டப்பா இல்லாம திறந்து கிடக்க கூம்பு ஃபில்டர், இன்ஜின் ரூமுக்குள்ள இருக்க கொதி காத்த இழுக்குது.

மேலப்பாளையம் நண்பர்: டர்போ வண்டிலதான் இன்டர்கூலர் இருக்கே வே, எவ்வளவு சூடா போனாலும் ஆத்திரும்லா?

இன்டர்கூலர் டர்போவுல இருந்து வார காத்த ஆத்துததுதான், ஆனா முழுசா ஆத்தாது. சூடா உள்ள போனா டர்போவுல இருந்து அத விட சூடாத்தான் வெளிய வரும், இன்டர்கூலருக்கு வேலை கூடிரும். நான் வாய்க்கு வந்தத சொல்லல, போன சித்திரைல ஒரு கஸ்டமர் வண்டில பண்ணிப் பாத்தது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல பைப்புல கம்பி சென்சார் சொருகி தெர்மாமீட்டர டாஷ்போர்டுல ஒட்டிட்டு ஓட்டினேன். வெளிய 38. வண்ணார்பேட்டை சிக்னல்ல பத்து நிமிசம், கம்பெனி டப்பாவோட 46 காட்டுச்சு. கோன மாட்டிட்டு அதே சிக்னல், 67. காத்து 3 டிகிரி சூடானா கிட்டத்தட்ட ஒரு சதவீதம் லேசாயிரும், அப்ப ஆறேழு சதவீதம் காத்த நீங்க காசு குடுத்து தொலைச்சிருக்கிய. நியாயத்தையும் சொல்லிருதேன், நாங்குநேரி ரோட்டுல 80ல போகும்போது 41க்கு 44, பெரிய வித்தியாசம் இல்ல.

மேலப்பாளையம் நண்பர்: அப்ப ஹைவேஸ்ல ஓட்டுதவனுக்கு நஷ்டம் இல்லன்னு நீங்களே ஒத்துக்கிட்டிய.

சூட்டுல நஷ்டம் இல்ல. தூசிய இன்னும் நான் பேசவே இல்லயே, கோன் அத நல்லா வடிக்காது. நீங்க சாத்தான்குளம் பக்கம் போவியளா?

மேலப்பாளையம் நண்பர்: மாமனார் வீடே அங்கதான். வாரா வாரம் போவோம்.

அப்ப இத ஒண்ணு பண்ணுங்க. தேரி மண்ணு எப்படின்னு உங்களுக்கே தெரியும், செக்கச்செவேல்னு, மாவு மாதிரி, மூடின பீரோவுக்குள்ளயும் போயிரும். கோன கழத்திட்டு, அதுக்குப் பின்னாடி இருக்க பைப்போட உள்பக்கத்த வெள்ளத் துணிய விரல்ல சுத்தி ஒரு சுத்து துடைங்க. துணி வெள்ளையா இருந்தா நான் சொன்னது தப்பு. டர்போ சக்கரம் நிமிசத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல போகும், அந்த வேகத்துல மண்ணு பட்டா உப்புத்தாள் வச்சு தேச்ச மாதிரி பிளேடோட முனை மழுங்கிரும். டர்போ மாத்த ஆகுத காசுல எத்தன ஒரிஜினல் ஃபில்டர் வாங்கலாம்னு நீங்களே கணக்குப் போடுங்க.

அம்பை தம்பி: அண்ணே, பலேனோ ஆர்எஸ்ல ரீமேப் பண்ணினா இன்ஜின் தாங்குமா?

சங்கரன்கோவில் நண்பருக்கு சொன்னதேதான். மொத ஆறு மாசம் சர்வீஸ், டயர், பிரேக்.

கோவில்பட்டி நண்பர்: அபார்த் புன்டோ 2016 வாங்கியிருக்கேன். 48,000தான் ஓடிருக்கு, டைமிங் பெல்ட் இப்பவே மாத்தணுமா?

இந்த வாரமே மாத்துங்க. பெல்டுக்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கில்ல, வயசும் கணக்கு, ரப்பர் நின்ன இடத்துலயே கெட்டுப் போவும். இந்த 1.4 டி-ஜெட் இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும், ஹெட்ட இறக்கணும். கூடவே டென்ஷனரும் வாட்டர் பம்பும், ஏன்னா அதத் தொட திரும்ப அதே வேலைய பிரிக்கணும். 145 பிஎஸ் வண்டி, கம்பெனி குடுத்ததே போதும், வேற எதையும் தொடாதீங்க. உண்மையிலேயே அருமையான வண்டி.

நாகர்கோவில் நண்பர்: முப்பந்தல் தாண்டும்போது வண்டி ஒரு பக்கமா தள்ளுது. அலைன்மென்ட்டா?

ஆடி மாசம்னா அது காத்து. ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்தாடி நட்டிருக்கதே அதுக்குத்தான். காத்து இல்லாத நாள்லயும் இழுத்தா அலைன்மென்ட், டயர் பிரஷர். 80ல இருந்து 100க்குள்ள ஸ்டீயரிங் நடுங்கினா பேலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினா டிஸ்க். மூணும் வேற வேற, எல்லாத்துக்கும் அலைன்மென்ட் காசு குடுக்காதீங்க.

பேட்டை நண்பர்: இ20 பெட்ரோல் போட்டா பழைய வண்டி போயிருமா?

இ20ன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஒரே நாள்ல வண்டி போவாது. 2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டில ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் அதுக்குன்னு செஞ்சதா இருக்கணும்னு இல்ல, அதனால வருசம் ஒருக்க ஃபியூவல் லைன விரல் வச்சு மடக்கிப் பாருங்க, வெடிப்பு விட்டிருந்தா மாத்துங்க. பெட்ரோல் வாடை வந்தா ஓட்டவே கூடாது. மைலேஜ் கொஞ்சம் குறையும். எத்தனால் ஈரத்த இழுக்கும், அதனால டேங்க்ல ஊத்தி மாசக்கணக்குல நிறுத்தி வைக்காதீங்க.

கடையநல்லூர் தம்பி: ஸ்டேஜ் 1 பண்ணா எத்தன எச்பி ஏறும்?

மேல படிங்க தம்பி. மூணாவது தடவ கேக்கியங்க. பிரேக் ஃப்ளூயிட் எப்ப மாத்தினதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல, எனக்கு அதுதான் கவலை.

டவுன் நண்பர்: டீசல் ஆக்டேவியால டிபிஎஃப் லைட்...

டீசல் பம்ப் வேலை தெரிஞ்சவங்கிட்ட காட்டுங்க. நான் அரைகுறையா சொல்லி உங்க வண்டி கெட்டுறக் கூடாது.

ஏர்வாடி தம்பி: சைலன்சர மட்டும் மாத்திக்கிடட்டுமா? சத்தம் நல்லா இருக்கும்லா.

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல மாட்டும், தெருவுல படுத்துக்கிடக்க நோயாளிக்கும் கைப்பிள்ளைக்கும் தொந்தரவு. அந்தக் காசுக்கு நல்ல பிரேக் பேட் வரும்.

மேலப்பாளையம் நண்பர்: அண்ணாச்சி, துடைச்சுப் பாத்தேன். துணில செவப்பா, எண்ணெயோட சேந்து குழம்பு மாதிரி இருக்கு. கிளாம்ப்ப இறுக்கினா போதுமா?

போதாது. இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணாதீங்க. கம்பெனி டப்பாவ தூரப் போடலைன்னா எடுத்து வைங்க, டர்போ வரைக்கும் உள்ள பைப்ப கழத்தி கழுவி நல்லா காய வைங்க, ஈரத்தோட மாட்டக் கூடாது. பைப்ப எடுத்ததும் டர்போ வாய் தெரியும், டார்ச் அடிச்சு பிளேடு முனைய பாருங்க, கத்தி மாதிரி நேரா இருக்கா, பல்லு பல்லா இருக்கா. விரலால லேசா சுத்தி, ஓரத்துல உரசுதான்னும் பாருங்க. போட்டோ அனுப்புங்க, ராத்திரி எத்தன மணின்னாலும் பாத்துச் சொல்லுதேன்.