வாசகர் கேள்வி பதில்: ஷாக்கை மாற்றவா, ஸ்பிரிங்கை மாற்றவா?

மலைப்பாதையிலும் காட்டுப் பாதையிலும் ஓடும் வண்டிகளின் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் இடம்.

கேள்வி: என் 2021 மாடல் மஹிந்திரா தார் 72,000 கி.மீ. ஓடிவிட்டது. எஸ்டேட் பாதையில் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது, மலை வளைவில் அலைகிறது. நான்கு ஷாக்கோடு நான்கு ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஸ்பிரிங் அவசியமா?
– வாசகர், கோத்தகிரி

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் ஷாக்கைத்தான் காட்டுகின்றன. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்; அது அமுங்கி விரியும் ஆட்டத்தை அடக்குவது ஷாக். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றாலோ, ஆள் ஏறியதும் பொத்தென்று உட்கார்ந்தாலோ ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். பள்ளம் தாண்டிய பிறகும் ஆட்டம் நிற்காவிட்டால், டயரைத் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், ஷாக்.

வண்டியைக் கையால் அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனையில் பாதி செத்த ஷாக்கும் தேறிவிடும். அதைவிட நம்பகமானது சூடு. கரடுமுரடான பாதையில் 20 நிமிடம் ஓட்டி, நிறுத்திய உடனே நான்கு ஷாக்கின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சட்டென்று தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒழுங்காக வேலை செய்யும் ஷாக், ஆட்டத்தின் ஆற்றலை எண்ணெயில் சூடாக மாற்றும். ஒரே ஆக்ஸிலில் ஒன்று கொதிக்கும்போது இன்னொன்று ஆறிக் கிடந்தால், ஆறிக் கிடப்பதுதான் செத்த ஷாக்.

எண்ணெய்க் கசிவைப் பார்ப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். சீலுக்குக் கீழே லேசான ஈரப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பது சாதாரணம். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிய பிறகு எண்ணெய் வடிந்த கோடு திரும்பத் தெரிந்தால் மாற்றுங்கள்.

ஸ்பிரிங்கைச் சோதிக்க அளவு டேப் போதும். சமதளத்தில், நான்கு டயரிலும் சரியான காற்றோடு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். ஒரே ஆக்ஸிலில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் விசாரிக்க வேண்டியதுதான். காயிலின் (சுருள் ஸ்பிரிங்கின்) அடிச்சுற்றுதான் சேறு தங்கும் இடம், கம்பி உடைவது பெரும்பாலும் அங்கேதான். பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டுப் பாருங்கள். சுற்றுகளுக்கு இடையே பெயின்ட் தேய்ந்து பளபளத்தால் காயில் முழுதாக அமுங்கி முட்டுகிறது என்று அர்த்தம். இவை எதுவும் இல்லையென்றால் ஸ்பிரிங் செலவு உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆனால் ஷாக் வாங்குவதற்கு முன் பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் புஷ்ஷை (மூட்டில் உள்ள ரப்பர் உறையை) கடப்பாரையால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் அலைவதற்குக் கிழிந்த புஷ்ஷும் காரணமாகலாம். அதைப் புது ஷாக் சரிசெய்யாது.

கேள்வி: மாருதி ஜிம்னிக்கு இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று இயந்திரம்), மேலே கேரியர் போடப் போகிறேன். 2 இன்ச் உயர்த்தும் ஹெவி டியூட்டி ஸ்பிரிங் போடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உயரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் எடையைப் பாருங்கள். ஐந்து கதவு ஜிம்னியின் வெற்று எடை சுமார் 1,200 கிலோ, மொத்த எடை வரம்பு 1,545 கிலோ. நாலு பெரியவர்கள் ஏறினாலே 280 கிலோ போய்விடும். எஃகுக் கயிறு சுற்றிய வின்ச் ஒன்று 35 முதல் 40 கிலோ. சிந்தெடிக் கயிறானால் 10 கிலோ வரை மிச்சம். எத்தனை தடித்த ஸ்பிரிங் போட்டாலும் ஆர்சி புத்தகத்தில் உள்ள எடை வரம்பு ஏறாது. பிரேக்கும் ஆக்ஸிலும் பழையவைதானே.

உங்கள் ஸ்பிரிங் எவ்வளவு தாங்கும் என்பதை நீங்களே அளக்கலாம். 25 கிலோ அரிசி மூட்டை நான்கை எடுத்து, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வைத்து, மட்கார்டு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு 20 மி.மீ. இறங்கினால், ஒரு பக்கத்துக்கு 50 கிலோ வீதம், மி.மீ.க்கு 2.5 கிலோ. பிறகு எப்போதும் வண்டியிலேயே இருக்கப்போகும் சாமான்களை மட்டும் எடைபோடுங்கள். 60 கிலோ என்றால் ஒரு பக்கத்துக்கு 30, அதாவது 12 மி.மீ. தாழ்வு, அதற்காக ஹெவி டியூட்டி வாங்குவது வீண். 200 கிலோ என்றால் 40 மி.மீ.; அப்போது கனமான ஸ்பிரிங் நியாயம். வருடத்துக்கு இரண்டு முறை போகும் பயணத்தின் மூட்டை முடிச்சை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் பாரத்துக்கென்று தேர்ந்தெடுத்த ஸ்பிரிங், மற்ற நாளெல்லாம் வெறும் வண்டியை உதறிக்கொண்டே இருக்கும். கல் பாதையில் டயர் தரையை விட்டு எழும், பிடிமானம் போகும். ஓல்டு மேன் எமு போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் ஒரே மாடலுக்குப் பார வாரியாகப் பல ஸ்பிரிங் தருவது இதனால்தான். முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பம்பரும் வின்சும் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் தொங்குவதால், அவற்றின் எடையைவிடச் சற்று அதிகமாகவே முன் ஸ்பிரிங்கில் இறங்கும்.

கண்ணால் பார்த்து 'கொஞ்சம் தடிமனான கம்பி' என்று வாங்குவது ஆபத்து. மற்ற அளவுகள் மாறாமல் கம்பி 12 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ. ஆனால் விறைப்பு சுமார் 38 சதவீதம் ஏறும். அந்த ஸ்பிரிங் விரியும் வேகத்தைப் பழைய ஷாக்கால் பிடிக்க முடியாது. ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் ஷாக்கும் அதற்கேற்ற ரீபவுண்ட் (விரியும் வேகத்தை அடக்கும் திறன்) உள்ளதாக வேண்டும்.

இனி உயரம். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) என்பதால் 2 இன்ச் உயர்த்தினால் நாலு விஷயம் கூடவே மாறும். முன் ஆக்ஸில் சற்றுத் திரும்பி கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அலையும். இதற்கு கேஸ்டர் திருத்தும் புஷ் போட வேண்டும். பக்கவாட்டில் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடு சாய்வதால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகரும். இரு பக்கமும் டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும், நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். பிரேக் ஹோஸ் ஆக்ஸில் முழுதாகத் தொங்கும்போது இழுபடக் கூடாது. பழைய ஷாக்கையே விட்டுவைத்தால் அது வழக்கத்தைவிட அதிகமாக விரிந்த நிலையில் நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் 'டக்' என்று விரிந்து முட்டி சீலை உடைக்கும்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதே உயரத்தில் தரமான ஸ்பிரிங் என்றால் பிரச்சினை இல்லை. எங்கள் யோசனை, உயரத்தை விட்டுவிட்டு முன்பக்கத் தாழ்வை மட்டும் சரிசெய்யும் ஸ்பிரிங்கோடு நில்லுங்கள்.

கேள்வி: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பழைய மஹிந்திரா ஜீப் ஓட்டுகிறேன். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் மெயின் பட்டை அடிக்கடி உடைகிறது. கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கலாமா?
– வாசகர், போடி

சேர்ப்பதற்கு முன், உடைந்த பட்டை எங்கே உடைந்தது என்று பாருங்கள். காதுக்கு (சுருட்டிய முனைக்கு) பக்கத்தில் உடைந்திருந்தால், பட்டைக்கட்டைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ஜீப் குழியில் விழுந்து சக்கரம் தொங்கும்போது கிளிப் இல்லையென்றால் கீழ்ப் பட்டைகள் விலகி நிற்கும். முழு இழுப்பும் மெயின் பட்டை ஒன்றின் மேல் விழும். செத்த ஷாக்கும் இதே சேதத்தைத்தான் செய்யும், ஏனென்றால் தூக்கி அடிக்கும் வேகத்தைப் பிடிக்க ஆளில்லை. நடுவில், சென்டர் போல்ட் துளையில் உடைந்திருந்தால் காரணம், பட்டைக்கட்டை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட் தளர்ந்தது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஜீப் தாழ்ந்தால் மட்டும் பட்டை சேருங்கள். மெயின் பட்டைக்குக் கீழே ஒரு முழு நீளப் பட்டையைச் செருகுவதைவிட, அடியில் வளைவு குறைந்த குட்டைப் பட்டையைப் போடுவது மேல். ஆள் ஏறி வண்டி தாழ்ந்தபின்தான் அது பாரம் பிடிக்கும், காலி வண்டி முதுகை உடைக்காது. தடிமனில் தாராளம் வேண்டாம். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும்.

பட்டறையில் பழைய பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். உலையில் பழுக்கக் காய்ச்சி வளைப்பது இன்னும் மோசம்: அதை மறுபடி எண்ணெயில் தோய்த்து, பிறகு குறைந்த சூட்டில் பதம் பார்த்து எடுக்காவிட்டால் அந்த இரும்பில் ஸ்பிரிங் குணமே மிஞ்சாது.

பட்டை சேர்த்தால் யு போல்ட்டும் அந்தத் தடிமன் அளவுக்கு நீளமானதாக வேண்டும். நட் முழுதாகப் பிடித்து இரண்டு மூன்று மரை வெளியே தெரிய வேண்டும். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இறுகி நீண்ட மரை மறுமுறை பிடிக்காது. சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக நான்கு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பாரத்தோடு 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ.யில் மறுமுறை.

கேள்வி: கடையில் ஒரே மாடலுக்கு மூன்று நீளத்தில் ஷாக் இருக்கிறது. எதை எடுப்பது?
– வாசகர், தேனி

உயரம் மாற்றாத வண்டிக்குக் கம்பெனி நீளமே போதும். மாற்றியிருந்தால் அளக்காமல் வாங்காதீர்கள். முழு ஆக்ஸில் வண்டிக்கு வழி இது. வண்டி சமமாக நிற்கும்போது ஷாக்கின் மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் (போல்ட் துளைகளுக்கு) இடையே அளவெடுங்கள், 440 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸில் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது மோதும் இடத்துக்கும் இடைவெளி 70. ரப்பர் 40 உயரமென்றால் நசுங்கி 20 போகும். 440-இல் இந்த 90-ஐக் கழித்தால் 350. புது ஷாக்கின் முழுதாக அமுங்கிய நீளம் இதைவிடக் குறைந்தது 10 மி.மீ. குறைவாக, அதாவது 340-க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பருக்கு முன் ஷாக் முட்டி, ராடு வளையும் அல்லது மேல் பிராக்கெட் பிய்யும்.

விரிந்த நீளத்துக்கு, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கைக் கழற்றி, காயில் இடத்தை விட்டு நழுவாதபடியும் பிரேக் ஹோஸ் இழுபடாதபடியும் ஆக்ஸிலை ஜாக்கியில் மெல்ல இறக்குங்கள். எது முதலில் இறுகுகிறதோ அங்கே நிறுத்தி அளந்து, முழுதாக விரிந்த நீளம் அதைவிட 15 மி.மீ. குறைவான ஷாக்கை எடுங்கள்.

கேள்வி: ஷாக்கில் மோனோ டியூபா (ஒற்றைக் குழாய்), ட்வின் டியூபா (குழாய்க்குள் குழாய்)?
– வாசகர், ஏலகிரி

கல் தெறிக்கும் பாதையில் அன்றாடம் மெதுவாக ஓடும் வண்டிக்கு ட்வின் டியூப். வெளிக் குழாயில் கல் பட்டு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய் தப்பிக்கும். மோனோ டியூபில் அந்த நசுங்கல் நேரே பிஸ்டனைச் சிக்கவைக்கும். நீண்ட கரடுமுரடுப் பாதையில் வேகமாக, மணிக்கணக்காக ஓட்டுபவருக்கு மோனோ டியூப்: எண்ணெயும் வாயுவும் தனித்தனி அறையில் இருப்பதால் நுரைக்காது, சூடும் வெளிக்காற்றில் சீக்கிரம் ஆறும். அதன் வாயு அழுத்தம் வண்டியைச் சில மி.மீ. தூக்கும், அதை உயர்வு என்று எண்ணிவிடாதீர்கள். ட்வின் டியூபைத் தலைகீழாக மாட்டக் கூடாது.

கேள்வி: பழைய தார் சிஆர்டிஇ (டீசல் மாடல்) வண்டியில் முன்பக்க டார்ஷன் பாரை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியை) முறுக்கினால் வண்டி விறைப்பாகுமா?
– வாசகர், ஏற்காடு

ஆகாது. உயரம் மட்டும் கூடும். கீழே தொங்கும் தூரம் குறைந்து, சக்கரம் சீக்கிரம் முட்டி நிற்பதால்தான் விறைப்பானதுபோல் தோன்றுகிறது. ஆக்ஸில் ஜாயின்ட்டின் ரப்பர் பூட்டும் பால் ஜாயின்ட்டும் கோணம் கூடிக் கிழியும். தாழ்ந்ததைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவர மட்டும் முறுக்குங்கள்; பழைய நிலையை பெயின்டால் குறித்துவைத்து, பிறகு அலைன்மென்ட் பாருங்கள்.

கேள்வி: காயிலுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் பயன் தருமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

அந்தச் சுற்று வேலை செய்யாமல் போய், மீதிச் சுற்றுகள் அதிகம் முறுகும். அமுங்கிய காயில் ரப்பரிலேயே முட்டி நிற்கும். வேண்டாம்.

கேள்வி: ஷாக், ஸ்பிரிங் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே மாட்டலாமா?
– வாசகர், கூடலூர்

புதிய தாரின் முன்பக்கம்போல் ஷாக்கின் மேலேயே காயில் ஏறியிருந்தால் வேண்டாம். அமுக்கிய காயில் நழுவினால் ஆளையே அடித்துவிடும். அது பட்டறை அமுக்கியில் செய்ய வேண்டிய வேலை. ஜிம்னிபோல் காயில் தனி, ஷாக் தனி என்றால் வீட்டிலேயே முடியும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேஸிஸுக்கு இரண்டு ஸ்டாண்டு கட்டாயம்.

ட்வின் டியூப் ஷாக் பெட்டியில் படுத்தே வந்திருக்கும். மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுதாக அமுக்கி இழுங்கள். முதலில் நடுவில் 'லொடக்' என்று வெற்றிடம் தட்டும், காற்று வெளியேறியதும் ஒரே சீரான கனம் வரும். வராவிட்டால் அப்படியே கடைக்குத் திருப்புங்கள். ராடை இடுக்கியால் பிடிக்காதீர்கள், ஒரு கீறல் போதும் சீல் ஒழுக. காயிலின் கம்பி முனை கீழ் மேடையின் படியில் போய் நிற்க வேண்டும்.

பட்டறைகளிலும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுவார்கள். புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையில் ஒட்டிக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் எப்போதும் முறுகியே இருந்து சில மாதத்தில் கிழியும். போல்ட்டை விரலால் திருகி மட்டும் வையுங்கள். நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டியை இரண்டு முறை குலுக்கிய பிறகு, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்க) அளவில் இறுக்குங்கள். உயரம் 10 மி.மீ. மாறினாலும் ஹெட்லைட் எதிர்வண்டிக்காரர் கண்ணில் அடிக்கலாம். அலைன்மென்டோடு அதையும் அன்றே இறக்கிவிடச் சொல்லுங்கள்.