வாத்து ஒதுங்கி உட்கார்ந்தால்: கேள்வி பதில்

பத்தொன்பது ஆண்டுகளாக வாத்து வளர்த்துவருகிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. ஆனால் நோயுற்ற வாத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த இரவுகள் நிறைய உண்டு. அந்த அனுபவத்தை வைத்தும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்தும் பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பறவையைத் தொட்டுப் பார்ப்பவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அக்கா, என் பெட்டை வாத்துக்கு இரண்டு வயது. நேற்று மாலையிலிருந்து மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தீவனத்தைத் தொடவில்லை. எச்சம் கரும்பச்சையாகப் போகிறது. நாளைக் காலையில்தான் மருத்துவரைப் பார்க்க முடியும். இன்று இரவு என்ன செய்வது?

பதில்: முதலில் அதைத் தனியாகப் பிரித்து, வெளிச்சம் குறைந்த அறையில், அடியில் துண்டு விரித்த ஒரு பெட்டியில் வையுங்கள். மற்ற வாத்துகளின் குரல் காதில் விழும் தூரத்தில் இருக்கட்டும். முழுத் தனிமையில் வாத்து இன்னும் சோர்ந்துபோகும்.

அடுத்தது சூடு. வாத்தின் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். தின்னாத பறவையால் அந்தச் சூட்டைத் தக்கவைக்க முடிவதில்லை. இறகைச் சிலிர்த்துக்கொள்வது அதனால்தான். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர அதற்கு இடம் வேண்டும். பெட்டிக்குள் 28 முதல் 30 டிகிரி போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூட்டைக் குறையுங்கள்.

தண்ணீரை ஆழமில்லாத கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள். வாயில் ஊற்றாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் வளர்த்த முதல் வாத்து அப்படித்தான் போனது. தெம்பு வரட்டும் என்று அலகைப் பிரித்துக் கரண்டியால் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன். ஒருமுறை தலையை உதறியது. மூக்குத் துளைகளில் நுரை கட்டியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாத்தின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்பக்க அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டை வைத்தால் விருப்பமிருந்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் முயலாதீர்கள்.

பச்சை எச்சம் ஒரு நோயின் பெயர் அல்ல. குடலில் உணவு இல்லாமல் பித்தம் மட்டும் இறங்குவதால் வரும் நிறம் அது. வயிறு காலியாக இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. ஏன் காலி என்பதை மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தூக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. சிறகுகளை மடக்கி அக்குளில் அணைத்து, பாதங்களுக்கு அடியில் ஒரு கையைக் கொடுங்கள்.

மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடினாலோ, கழுத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். இரவிலும் பார்க்கும் மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே பெண்தான் மறுபடியும் கேட்கிறேன். எனக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை மீதம் இருக்கிறது. கால் பங்கு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நோய் கிருமியால்தானா என்பதே தெரியாது. அரைகுறை அளவில் கொடுத்தால் நோயும் போகாது, நாளைய பரிசோதனையும் குழம்பும். வலி மாத்திரையும் கூடாது. மனிதருக்குப் பழகிய பல மருந்துகள் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இன்னொன்று: அதன் முட்டையை வீட்டில் சாப்பிடுகிறீர்களா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மருந்து முட்டையில் இறங்கும். எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று அவர் சொல்வார்.

கேள்வி: மூன்று வாரக் குஞ்சுகள் நான்கு. ஒன்று நடக்கும்போது தள்ளாடுகிறது, இன்னொன்று முழங்காலிலேயே உட்கார்ந்து நகர்கிறது. நன்றாகத் தின்கின்றன. கோழிக் குஞ்சுத் தீவனம்தான் கொடுக்கிறேன்.

பதில்: தீவனத்தின் பெயரை நீங்களே சொன்னது நல்லதாயிற்று. பெரும்பாலும் நியாசின் பற்றாக்குறை. வைட்டமின் பி3 என்பதும் அதுதான். வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் அளவுக்கு அது தேவை. கோழிக் குஞ்சுக்கு அவ்வளவு வேண்டாம். ஆகவே கோழித் தீவனத்தில் அந்த அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. வாத்தின் உடல் தானாக நியாசின் தயாரித்துக்கொள்வதிலும் பின்தங்கியது. மூட்டு வீங்கும், கால் வளையும், பிறகு எழவே முடியாது.

வாத்துக் குஞ்சுகளுக்கென்றே செய்த தீவனத்துக்கு மாறுங்கள். கிடைக்கும்வரை ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) தூளைத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். அப்பம் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் வேறு, அதைப் போடாதீர்கள். முழங்காலில் நகரும் குஞ்சுக்கு ஈஸ்ட் மட்டும் போதாது. மருத்துவர் நியாசினை நேரடியாகக் கொடுக்கக்கூடும். சீக்கிரம் தொடங்கினால் சில நாட்களிலேயே தெரியும்படி தேறும். எலும்பு வளைந்து முற்றிவிட்டால் அந்த வளைவு நிமிர்வது கடினம். அதனால்தான் இந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள் என்கிறேன்.

தரையையும் பாருங்கள். செய்தித்தாள் விரித்த தரையில் குஞ்சின் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விரிந்துவிடும். சொரசொரப்பான துணியோ ரப்பர் விரிப்போ போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குஞ்சு பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்துக்கொண்டு, தலையை முதுகுப் பக்கம் வளைத்தால் அதை வைட்டமின் குறை என்று விட்டுவிடாதீர்கள். வாத்துக் குஞ்சுகளைத் தாக்கும் கல்லீரல் வைரஸாக இருக்கலாம். ஆறு வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளில் அது காட்டுத்தீபோல் பரவும். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மூன்று மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்கிறார்கள். வாத்துக்கு யார் மருத்துவர்?

பதில்: இந்த அலைச்சல் எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஓர் இடத்தில், "இதற்குச் செலவு செய்வதைவிட வேறொன்று வாங்கிவிடலாமே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வாத்தைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தச் சொல்லுக்காக நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை.

"வாத்து பார்ப்பீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "கிளி, புறா பார்ப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பறவையைத் தொட்டுப் பழகியவருக்கு வாத்தும் பறவைதான். கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளில் கோழியினப் பிரிவு இருக்கும். பண்ணைகளுக்குப் போகும் மருத்துவர்களுக்கும் வாத்து நோய்கள் தெரியும். ஆனால் பண்ணை மருத்துவர் கூட்டத்தைக் காப்பாற்றும் கண்ணோடு பார்ப்பவர். "எனக்கு இந்த ஒரு பறவையைப் பிழைக்கவைக்க வேண்டும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வாத்தைப் பற்றி அதிகம் தெரியாவிட்டாலும், தெரிந்தவரைக் கேட்டுச் செய்கிறேன் என்று சொல்லும் மருத்துவர் கிடைத்தால் விடாதீர்கள். எனக்குக் கிடைத்த சிறந்த மருத்துவர் அப்படிப்பட்டவர்தான்.

போகும்போது கையில் சிலவற்றை எடுத்துச் செல்லுங்கள். அன்று காலை போட்ட எச்சம் சுத்தமான டப்பாவில், தீவனப் பையின் முத்திரைச் சீட்டின் படம், வாத்து வீட்டில் நடப்பதன் அரை நிமிடக் காணொளி. இந்தக் காணொளிதான் முக்கியம். மேசைமேல் வைத்ததும் வாத்து நிமிர்ந்து நின்று, நோயே இல்லாததுபோல் காட்டிக்கொள்ளும். வேட்டையாடப்படும் இனம் அது. பலவீனத்தை வெளியே காட்டியது முதலில் பிடிபடும் என்பது அதன் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. கடைசியாக முட்டையிட்ட தேதி, உடல் எடை இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். எடை தெரியாது என்பவர்கள் நலமாக இருக்கும் வாத்தை இன்றே சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள்.

கேள்வி: என் வாத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு வாரமாகக் குரல் கரகரவென்று வருகிறது. வயது இரண்டு மாதம் ஆகிறது. விளையாட்டும் தீனியும் குறையவில்லை.

பதில்: உங்கள் வாத்து ஆண். நோய் இல்லை. அந்த வயதில் ஆணின் குரல் அப்படித்தான் மாறும். உரக்கக் கத்துவது பெட்டைதான்.

ஆனால் குரலோடு மூச்சிலும் சீழ்க்கை கேட்டாலோ, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ பூஞ்சை நோயை நினைக்க வேண்டும். ஈரமாகிப் பூத்த வைக்கோலிலிருந்து பறக்கும் பூஞ்சைத் தூள்தான் அதன் நுரையீரலுக்குள் போகிறது. தீவனத்திலும் பூஞ்சை ஆகாது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சம் அளவில் இறந்தன. வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது அதன் பிறகுதான். பறவைகளில் அந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாவது வாத்துக் குஞ்சு. மேலாகப் பூத்ததை நீக்கிவிட்டு மிச்சத்தைப் போடலாமா என்று யோசிக்காதீர்கள். பையோடு எறியுங்கள்.

கேள்வி: குட்டையில் மேய்ந்துவிட்டு வந்த வாத்துக்குக் கழுத்து துவண்டுவிட்டது. இமை பாதி மூடியிருக்கிறது. நேற்று இன்னொன்று குட்டையோரம் செத்துக் கிடந்தது.

பதில்: இதைப் படிக்கும்போதே வண்டிக்குச் சொல்லுங்கள். பாட்டுலிசம் என்ற நச்சுவாதமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெயில் காலத்தில் வற்றிய குட்டைச் சேற்றிலும் அழுகிய பிணத்திலும் அந்த நஞ்சு உருவாகும். பிணத்தில் நெளியும் புழுக்களை வாத்து ஆசையாகப் பொறுக்கித் தின்னும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, வாத்துக்குக் காலும் சிறகும் கழுத்தும் வரிசையாகத் தளரும். போகும் வழியில் தலை தொங்கி மூக்கு அடைபடாதபடி சுருட்டிய துண்டின்மேல் கழுத்தைத் தாங்கி வையுங்கள். நஞ்சுமுறிவு மருந்து இருக்கிறதா என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். மற்ற வாத்துகளைக் குட்டைக்கு விடாதீர்கள். செத்ததைக் கையுறை போட்டு அகற்றுங்கள்.

கேள்வி: பாதத்தின் அடியில் கறுப்பாக ஒரு பொருக்கு. லேசாக நொண்டுகிறது. கத்தியால் எடுத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: எடுக்க வேண்டாம். பொருக்குக்கு அடியில் கெட்டியான சீழ் கட்டியிருக்கும். பறவையின் சீழ் பாலாடைக்கட்டிபோல் இறுகியது, பிதுக்கினால் வராது. வலிமருந்து இல்லாமல் அறுப்பது கொடுமை. மருத்துவரைப் பார்க்கும்வரை பாதத்தைக் கழுவித் துடைத்து, மெத்தென்ற காய்ந்த படுக்கையில் விடுங்கள். சிமென்ட் தரையில் விட்டால் ஆறினாலும் திரும்ப வரும்.

கேள்வி: காலையிலிருந்து முக்குகிறது, முட்டை வரவில்லை. பென்குயின்போல் நிமிர்ந்து நிற்கிறது.

பதில்: முட்டை சிக்கியிருக்கிறது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் வயிறு நனையும்படி இருபது நிமிடம் வையுங்கள். பிறகு ஈரம் துவட்டி இருட்டான, கதகதப்பான இடத்தில் விடுங்கள். காலையிலிருந்து என்கிறீர்கள், ஆகவே இதைச் செய்துகொண்டே மருத்துவரையும் ஏற்பாடு செய்யுங்கள். கால்சியம் ஊசியிலேயே பல வாத்துகள் முட்டையை வெளியேற்றிவிடும். வயிற்றை அமுக்காதீர்கள். உள்ளே ஓடு உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: அக்கா, பச்சை எச்சம் பற்றிக் கேட்டவள்தான். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் ஒரு திருகாணி தெரிந்தது. துத்தநாக நஞ்சு என்கிறார் மருத்துவர். ஊசி போட்டு மருத்துவமனையிலேயே வைத்திருக்கிறார்கள். மற்ற வாத்துகளுக்கு ஆபத்தா?

பதில்: நல்ல வேளை, அந்த மாத்திரையைக் கொடுக்கவில்லை. பளபளப்பான எதையும் வாத்து விழுங்கும். துத்தநாகப் பூச்சுள்ள திருகாணி இரைப்பையில் அரைபட்டு நஞ்சு இரத்தத்தில் ஏறும். அந்த நஞ்சை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கத்தான் ஊசி. ஆணியையும் வெளியே எடுப்பார்களா என்று கேளுங்கள். உள்ளேயே இருந்தால் நஞ்சு ஊறிக்கொண்டே இருக்கும்.

மற்றவற்றுக்கும் எடை குறைகிறதா, எச்சம் மாறுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அவற்றுக்கும் எக்ஸ்ரே. ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டு நடங்கள். நான் முதல்முறை அப்படி நடந்தபோது ஒரு கைப்பிடி ஆணி, கம்பித் துண்டுகள், ஒரு பழைய கீல் ஒட்டிக்கொண்டு வந்தன. பித்தளை, ஈயத் துண்டுகள் காந்தத்தில் ஒட்டாது. அவற்றைக் குனிந்து கண்ணால்தான் தேட வேண்டும்.

கேள்வி: இரவு நன்றாக இருந்தது, காலையில் இறந்து கிடந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உடலைக் கையுறையோடு எடுத்து இரண்டு பைகளில் கட்டி, உணவு எதுவும் இல்லாத குளிர்ச்சியான பெட்டியில் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே வைத்து அன்றே கொண்டுசெல்லுங்கள். உறையவைக்காதீர்கள், உறைந்த திசுவில் பல தடயங்கள் அழிந்துவிடும். ஒன்றுக்கு மேல் திடீரென்று இறந்தாலோ, உயிரோடிருப்பவை வட்டமடித்துச் சுற்றினாலோ, கண் வெண்மையாக மங்கினாலோ பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும்வரை எந்தப் பறவையையும் இடம் மாற்றாமல் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: அதனோடு இருந்த ஆண் வாத்து இரண்டு நாளாக வேலியோரம் நடந்து நடந்து கூப்பிடுகிறது. சரியாகத் தின்னவில்லை. உடனே வேறொரு துணை வாங்கிவிடட்டுமா?

பதில்: பரிசோதனை முடிவு வரும்வரை வாங்காதீர்கள். தொற்றுநோயாக இருந்தால் வருவதும் போய்விடும். முடிவு வந்த பிறகு வாங்கினாலும் முப்பது நாள் தனி இடம், தனித் தண்ணீர்.

அதுவரை துணைக்கு நீங்கள்தான். தீவனத் தட்டை எடுத்துக்கொண்டு போய், அது நடக்கிற வேலியோரத்திலேயே தரையில் உட்காருங்கள். பேசிக்கொண்டிருங்கள். என் வீட்டு ஆண் வாத்து நான்காம் நாள் மாலை என் செருப்பின்மேல் அலகை வைத்து அப்படியே சிறிது நேரம் நின்றது. பிறகு தட்டுக்குப் போனது.