சீன ஆவணங்களின் காலக்கணிப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஒரு பழைய சீனக் கையெழுத்துப் படியின் முடிவில் ‘சிச்சோவ் ஆண்டு’ என்று மட்டுமே உள்ளது. இதைக் கொண்டு காலத்தைச் சொல்ல முடியுமா, ஐயா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சீனர்கள் ஆண்டையும் நாளையும் இரண்டு குறி வரிசைகளை இணைத்துப் பெயரிட்டார்கள்; சிச்சோவ் அத்தகைய ஓர் இணை. வானத்தண்டுகள் எனப்படும் பத்துக் குறிகளும் பூமிக்கிளைகள் எனப்படும் பன்னிரண்டு குறிகளும் ஒருசேர நகர்வதால் 120 அல்ல, 60 இணைகளே கிடைக்கின்றன. பிரபவ முதல் அட்சய வரையிலான நம் சுற்றைப் போல அவையும் மீண்டும் மீண்டும் வரும். (தொடக்கம் மட்டும் வேறு: இப்போதைய சீனச் சுற்று 1984இலும் நம்முடையது 1987இலும் தொடங்கின.) ஆகவே தங்கள் படி 1589, 1649, 1709 ஆகிய எந்த ஆண்டினதாகவும் இருக்கலாம். 1661இல் அரியணை ஏறிய காங்ஷி பேரரசரின் இயற்பெயர் சுவான்யே. பேரரசரின் இயற்பெயரை அப்படியே எழுதக் கூடாது என்பதால், பின்னர் எழுதியவர்கள் ‘சுவான்’ எழுத்தின் கடைசிக் கோட்டை விட்டுவிட்டார்கள், அல்லது ‘யுவான்’ என்று மாற்றி எழுதினார்கள். அந்த அடையாளம் இருந்தால் 1649ஐ விலக்கிவிடலாம். ஆனால் அதற்கு முந்தைய சோங் அரச மரபின் காலத்திலும் இதே எழுத்து விலக்கப்பட்டதால், தாளையும் பார்த்தே முடிவு செய்க.

கேள்வி: பேரரசர் தம் ஆட்சிக் காலத்துக்குச் சூட்டி ஆண்டுகளை எண்ணிய ஆட்சிப் பெயர் இருந்தால் ஐயம் தீர்ந்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் தீரும், ஆயினும் சரிபார்க்காமல் ஏற்பது நன்றன்று. 1911இல் இலங்கையின் காலியில் கிடைத்த, சீனமும் தமிழும் பாரசீகமும் பொறித்த கல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் சீனப் பகுதி யோங்லே என்னும் ஆட்சிப் பெயரின் 7ஆம் ஆண்டு, சிச்சோவ், இரண்டாம் மாதம், சியாசூ என்னும் இணை பெற்ற நாளில் மாதப்பிறப்பு என்கிறது. யோங்லே 1403இல் தொடங்குவதால் ஏழாம் ஆண்டு 1409, அது சிச்சோவ்தான். அவ்வாண்டின் இரண்டாம் மாதம் பிறந்த பிப்ரவரி 15ஐ அறுபது நாள் சுற்றில் எண்ணினால் சியாசூவே வருகிறது. தேய்ந்த கல்லில் ஏழைப் பத்தென்று ஒருவர் படித்திருந்தால் 1412 வந்திருக்கும். அது சிச்சோவ் அன்று என்பதால் பிழை உடனே வெளிப்பட்டிருக்கும்.

கேள்வி: கவிஞர் சூ ஷி பிறந்த ஆண்டைச் சிலர் 1036 என்றும் சிலர் 1037 என்றும் எழுதுவது ஏன்?

பதில்: அவர் பிறந்தது சிங்யோ என்னும் ஆட்சிப் பெயரின் 3ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் 19ஆம் நாள். அந்த ஆண்டை 1036 என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அந்த நாள் விழுவது 1037 ஜனவரி 8இல். ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு மாதத்தைப் பார்க்காதவர்களின் பிழை இது. பதினொன்றாம், பன்னிரண்டாம் மாதத் தேதிகளை நான் ஒருபோதும் இரண்டாம் முறை பார்க்காமல் விடுவதில்லை.

கேள்வி: நாட்சுற்றை எவ்வளவு பின்னோக்கி நம்பலாம்?

பதில்: பண்டைச் சீனத்தின் லூ நாட்டுக்குரிய ‘வசந்தமும் இலையுதிர்காலமும்’ என்னும் ஆண்டேடு, அந்நாட்டை ஆண்ட இன் கோமகனின் மூன்றாம் ஆண்டில், சிஸி என்னும் இணை பெற்ற ஒரு நாளன்று சூரிய கிரகணம் நிகழ்ந்ததாகக் குறிக்கிறது. வானியல் கணக்கு தரும் கிரகணம் கி.மு. 720 பிப்ரவரி 22. இன்றைய சுற்றை அதுவரை பின்னோக்கி எண்ணினாலும் அந்த நாள் சிஸியாகவே அமைகிறது.