தடைக்காலத்தில் வந்த பிளஸ் டூ ரிசல்ட்

காசிமேட்டு அம்மாவுக்கு,

நேற்று மகனை அழைத்து வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "இவனை எந்த கோர்ஸில் சேர்க்கலாம்?" அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும். நீங்கள் பேசிய அரைமணி நேரமும் தம்பி மார்க் ஷீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். கணக்கில் 35 எடுக்க வேண்டிய இடத்தில் 27. "நான் வேஸ்ட்டு சார்" என்று அவன் முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்திருக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. லாஞ்சு என்கிற விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்க, அவன் நைனா வருமானமில்லாமல் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். அதே மே மாதத்தில்தான் ரிசல்ட்டும் வருகிறது. "என்னத்தக் கிழிச்ச, கடலுக்கு வா" என்று அவர் கத்துவதில் பாதி கோபம் மகன்மேல் இல்லை. கட்ட முடியாத வட்டிமேல். இதைச் சொன்னபோதுதான் தம்பி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

அவர் தூங்கிய பிறகுதான் பையன் சாப்பிட வருகிறான் என்றீர்கள். நடுவில் நீங்கள் தூது போகிறீர்கள். "நைனா இப்படிச் சொன்னார்", "அவன் அப்படிச் சொல்றான்." தயவுசெய்து இதை நிறுத்துங்கள் அம்மா. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கைமாறும்போது சூடேறிவிடுகிறது.

தடைக்காலத்தில் அவர் வலை சரிபார்க்க உட்காருவார் அல்லவா? தம்பி போய்ப் பக்கத்தில் உட்காரட்டும். எதிரெதிரே நின்றால் சண்டை வரும். கை வேலையில் இருந்தால் பேச்சு இறங்கி வரும். அவன் மூன்று வரி சொன்னால் போதும்: "ஃபெயிலானது எனக்கும் கஷ்டமா இருக்கு நைனா. ஜூன்ல திரும்ப எழுதுறேன். அதுவரைக்கும் காலைல படிக்கிறேன், சாயங்காலம் உன்கூட வலைக்கு வரேன்." அவர் திட்டினாலும் அவன் பதில் பேசாமல் அடுத்த கண்ணியைக் கட்டட்டும்.

"மனசைத் தேத்திக்கோ" என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். வெட்கப்பட்டு ஒடுங்கியிருப்பவனுக்கு அது இன்னொரு பாரம். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஐந்து கணக்கு போட்டு, எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடட்டும். பத்து நாள் இப்படிப் போனாலே அவன் முகம் மாறும். சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்க வேண்டாம்: உடனே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவனைத் தனியாகவும் விடாதீர்கள்.

சரி, கோர்ஸ். துணைத்தேர்வு வழக்கமாக ஜூன் கடைசியில் தொடங்கும். விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். படித்த பள்ளியில் நாளைக்கே கேளுங்கள். தேறிவிட்டால், அவன் எடுத்த கணிதம், அறிவியல் பிரிவுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தேறாவிட்டாலும் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து முதலாம் ஆண்டிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர வழி உண்டு. லாஞ்சு இன்ஜினைப் பிரித்துப் போட ஆசை என்றான். டீசல் மெக்கானிக், ஃபிட்டர் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை நீங்கள் வர வேண்டாம். அவனையும் அவன் நைனாவையும் மட்டும் அனுப்புங்கள்.