பாட்டி பேசறது சௌராஷ்டிரா, நீ சொல்ற பதில் தமிழ்

கேள்வி: அக்கா, நான் மதுரைப் பொண்ணு, ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். டெல்லி ஜேஎன்யூல பிஏ கொரியன் சேரணும்னு ஆசை. டிராமா பாத்து பாத்து கொரியன் எழுத்தெல்லாம் தானாவே படிச்சுட்டேன். அப்பா பி.காம் சேருங்கறார், நீ எதையும் ஆரம்பிப்ப, முடிக்க மாட்டங்கறார். வீட்ல நாங்க சௌராஷ்டிரா, ஆனா அது பாட்டியோட சரி, அவங்க பேசுவாங்க, நான் தமிழ்ல பதில் சொல்லிடுவேன், எனக்கு அது வராது. கொரியன் படிச்சா வேலை கிடைக்குமா? அப்பாவ எப்படி சம்மதிக்க வைக்கிறது?

பதில்: வேலை விஷயத்த முதல்லயே முடிச்சிடறேன்மா. டாபிக்னு ஒரு கொரியன் பரீட்சை இருக்கு, உனக்கே தெரிஞ்சிருக்கும், மொத்தம் 6 லெவல். 5, 6னு ஏறினா மொழிபெயர்ப்பு, கம்பெனி வேலைன்னு வழி இருக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியா கம்பெனிங்க இருக்கறது ஊருக்கே தெரியும். 2, 3லயே நின்னுட்டா கையில டிகிரி பேப்பர் மட்டும்தான் இருக்கும். ஜேஎன்யூக்கு சியூஇடின்னு நுழைவுத் தேர்வு எழுதணும், அதுக்கு உக்காந்து படி. இதுக்கு மேல வேலையப் பத்தி என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

நீ போற போக்குல எழுதிட்டுப் போன அந்த ஒரு வரிதான் என்ன விடல. "அவங்க பேசுவாங்க, நான் தமிழ்ல பதில் சொல்லிடுவேன், எனக்கு அது வராது." எப்படிம்மா வராதுங்கற? அவங்க கேட்டது புரியாமலா பதில் சொல்ற? பதினேழு பதினெட்டு வருஷமா காதுல விழுந்த பாஷை, சாப்ட்டியான்னு கேட்டாலும் புரியும், கதவ சாத்துன்னாலும் புரியும், அத்தைய பத்தி மெதுவா குறை சொன்னா அது நல்லாவே புரியும். காது வரைக்கும் வந்துடுச்சு, வாய நீ தொறக்கல. டிராமா பாத்து கொரியன் எழுத்து படிக்க நேரம் இருந்த பொண்ணுக்கு பக்கத்து ரூம்ல இருக்கற பாட்டிக்கு அவங்க பாஷைல "ம்"க்கு மேல ரெண்டு வார்த்தை சொல்ல நேரம் இல்லையா?

சரி, நீ போய் சேரப்போற கிளாஸ்லயே என்ன சொல்லித் தருவாங்கன்னு பாரு. கொரியன்ல தூங்கறதுக்கு ஜாதா. ஆனா வீட்ல பெரியவங்க தூங்கினா ஜாதான்னு சொல்லக்கூடாது, அதுக்குன்னு தனியா ஜுமுஷிதான்னு ஒரு சொல் இருக்கு. சாதாரணமா சோறு, சாப்பாடுன்னா பாப், பெரியவங்களுக்குன்னு மரியாதையா சொன்னா ஜின்ஜி. பாட்டி, அதான் ஹல்மொனி, அவங்ககிட்ட எந்தச் சொல்லப் போடணும், ஃப்ரெண்டுகிட்ட எதப் போடணும்னு வாத்தியார் திருத்திக்கிட்டே இருப்பார், நீயும் நோட்ல எழுதி மனப்பாடம் பண்ணுவ. மாடர்ன் லாங்குவேஜ் படிப்புன்னா அதுல கல்ச்சர்னு சேத்து சொல்றாங்களே, அது இதுதான், யார்கிட்ட எப்படி பேசறதுங்கறது. எவங்க வீட்டு ஹல்மொனிக்கோ மரியாதை வினைச்சொல்லு படிச்சுட்டு லீவுக்கு மதுரைக்கு வருவ, உன் பாட்டி அவங்க பாஷைல ஏதோ கேப்பாங்க, நீ ஃபோன்லேர்ந்து தலைய நிமிராம தமிழ்ல ரெண்டு வார்த்தை சொல்லுவ. எனக்கு கோவம் வருதும்மா, மறைக்க மாட்டேன்.

உங்க பாஷை எவ்வளவு தூரம் நடந்து வந்ததுன்னு உனக்கு யாராவது சொல்லியிருக்காங்களா? குஜராத்தி குடும்பத்து மொழி அது, நெசவுக்காரங்க கூடவே தெற்க வந்து வழியில தெலுங்கு, கன்னடம், அப்புறம் தமிழ்னு எல்லாத்தையும் ஒட்டிக்கிட்டு மதுரைல நின்னுடுச்சு. நடனகோபால நாயகி சுவாமிகள், 1843ல பொறந்தவர், மதுரைல உக்காந்து சௌராஷ்டிரால கீர்த்தனை எழுதினார், உன் பாட்டிக்கு ஒண்ணு ரெண்டாவது பாடத் தெரியும், கேட்டுப் பாரு. தனி எழுத்து கூட இருக்கு, 2008ல யூனிகோடுல, அதான் கம்ப்யூட்டர், ஃபோன்ல எழுத்து வர்றதுக்கான பட்டியல்ல, ஏத்திட்டாங்க. 2011 கணக்கெடுப்புல சௌராஷ்டிரா தாய்மொழின்னு சொன்னவங்க ரெண்டரை லட்சத்துக்கும் கம்மி. கொரியன் பேசறவங்க கோடிக்கணக்குல இருக்காங்க, நீ படிக்கலன்னா அந்த பாஷைக்கு ஒண்ணும் ஆகாது.

எங்க வீட்டு பாஷை தெலுங்கு. எங்க பாட்டி கடைசி நாள்ல படுக்கைல கிடந்தப்ப என் கையப் பிடிச்சு ஏதோ கேட்டாங்க, எனக்கு முழுசா புரிஞ்சுது, ஆனா வாய்ல வந்தது தமிழ்தான். அவங்க முகம் ஒரு நொடி திரும்பின மாதிரி இருந்துச்சு. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த பதில தெலுங்குல சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

உன் அப்பா மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு. அவர் அவங்க அம்மாகிட்ட சௌராஷ்டிரா, உன்கிட்ட தமிழ், இல்லையா? கயித்த நடுவுல விட்டது அவர்தான். ஆனா நீ ஆரம்பிச்சத முடிக்க மாட்டன்னு அவர் சொல்றது பொய்னு நீ கடிதத்துல ஒரு இடத்துலயும் சொல்லல பாத்தியா? அப்ப சம்பளக் கணக்கு காட்டி அவர மடக்கப் பாக்காத, அவர் கண்ணு முன்னாடியே ஒரு பாஷைய பேசிக் காட்டு. மொழி படிக்கறதுன்னா தப்புத் தப்பா பேசி, நாலு பேர் சிரிக்க, மறுநாள் திரும்பவும் வாயத் தொறக்கறது. அந்தக் கூச்சத்த வீட்லயே தாண்டாதவ டெல்லி கிளாஸ்ல எப்படித் தாண்டுவ?

டெல்லி போகாதன்னு சொல்லலம்மா, போ, நல்லா படி. ஆனா அட்மிஷன் வர்ற வரைக்கும் தினமும் அரை மணி நேரம் பாட்டிகிட்ட உக்காரு. சமையல்கட்டுல இருக்கற ஒவ்வொரு சாமானா கையில எடுத்து பேரு கேளு. அவங்க சுங்குடிப் புடவைக்கு சாயம் ஏத்தறதுக்கு முன்னாடி முடிச்சு போட்டவங்களான்னு கேளு, ஆமான்னா ஒரு பழைய கைக்குட்டையும் நூலும் குடுத்து, துணிய நகத்தால கிள்ளி எப்படி சுத்தறாங்கன்னு பாத்துக்கிட்டே ஒவ்வொண்ணுக்கும் என்ன சொல்லுன்னு கேட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணு. மறந்துபோன சொல்லு வந்தா அப்பாவ கூப்பிடு, அவரும் வந்து பக்கத்துல உக்காரட்டும்.

இன்னைக்கு சாயங்காலம் பாட்டி ஏதாவது கேப்பாங்க, அவங்க பாஷைல பதில் சொல்லு, தப்பாவே சொல்லு. அப்ளிகேஷன் பேச்ச அப்பாகிட்ட ஒரு வாரம் கழிச்சு எடுக்கலாம்.